கட்டம் மாறிய அறுபத்து மூணு மணி நேரம்

ரெக்கார்ட்ஸ் ரூமுக்குப் புதுசா வந்திருக்க நீங்க எட்டு பேரும் முதல்லயே ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க. எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. பைலட்டுகளோட லாக் புக்கைக் கூட்டி, சரிபாத்து, சீல் வச்சு ரிட்டையர் ஆனவ நான். அதுல கடைசி ஒம்பது வருஷம் தூத்துக்குடியில ஒரு ஃபிளையிங் ஸ்கூல்ல. சொந்த ஊரு நாசரேத்து. அப்பா வாத்தியாரு. அதனால கூட்டல்ல தப்பு வந்தா எனக்கு உடம்பே கூசும். அந்தத் திமிரோடயேதான் வேலை பாத்தேன். அந்தத் திமிரு என்ன பண்ணுச்சுன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்.

எப்படி எழுதணும், எந்த ஃபாரத்துல எந்தக் கோடுன்னெல்லாம் உங்க ஆபீசர் சொல்லிக் கொடுப்பாரு. இப்ப எல்லாத்தையும் கம்ப்யூட்டர் கூட்டிருது, அக்கா எதுக்கு வந்து கழுத்தறுக்காங்கன்னு பின்னால இருக்கவங்க நெனைக்குதது இங்கன வரைக்கும் கேக்கு. கூட்டும்மா, நல்லாவே கூட்டும். நீங்க எந்தக் கட்டத்துல போட்டீங்களோ அந்தக் கட்டத்துல கூட்டும். அது சரியான கட்டமான்னு அதுக்குத் தெரியாது.

நடந்தது நான் ரிட்டையர் ஆகுறதுக்கு மூணு வருஷத்துக்கு முன்னால. எங்க ஸ்கூல்ல அப்ப ரெண்டு விதமான விமானம். ஒண்ணு ஹை விங், றெக்கை தலைக்கு மேல இருக்கும். இன்னொண்ணு லோ விங், றெக்கை காலுக்குக் கீழ. ஹை விங் ரொம்ப நாளா இருந்தது. லோ விங் வந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. பாக்கிறவங்களுக்கு ரெண்டும் குட்டி விமானம், அவ்வளவுதான். ஆனா ஒண்ணுல பழகின கை இன்னொண்ணுல தடுமாறும். அதனாலதான் எந்த விமானத்துல எத்தனை மணி நேரம்னு லாக் புக்குல தனித்தனிக் கட்டம் வச்சிருக்கு. மொத்தம் முன்னூறு மணி நேரம் பறந்திருந்தாலும் இந்த விமானத்துல நாலு மணி நேரம்னா அவன் இதுக்குப் புது ஆளுதான்.

பிள்ளைங்க தினமும் பறந்ததை அவங்கவங்க புக்குல எழுதிருவாங்க. மாசக் கடைசியில எல்லாப் புக்கும் என் மேஜைக்கு வந்துரும். ஒரு பக்கம் முடிஞ்சா அந்தக் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்து மேல் வரியில ஏத்தணும். அதுக்குப் பேரு கேரி ஃபார்வர்டு. கட்டத்துக்கு மேல விமானத்துப் பேரு அச்சடிச்சு வராது, வெத்தா இருக்கும். நாமதான் கையால எழுதிக்கணும். முதல் கட்டம் ஹை விங், ரெண்டாவது லோ விங்னு எங்க ஸ்கூல்ல ஒரு பழக்கம். சட்டம் கிட்டம் ஒண்ணும் கிடையாது, பழக்கம்தான்.

ஷைனின்னு ஒரு பிள்ளை படிச்சுது. சாத்தான்குளத்துல மளிகைக்கடை வச்சிருக்கவரு மக. இருபத்தி ரெண்டு வயசு. அதிகம் பேச மாட்டா, ஆனா ஒண்ணைப் பிடிச்சா விட மாட்டா. அந்த மாசம் அவ புக்கு தீந்து போச்சு. புதுப் புக்கு வாங்கி, கட்டத்துக்கு மேல தலைப்பெல்லாம் அவளே அழகா எழுதி வச்சிருந்தா. இனி லோ விங்லதான் அதிகம் பறக்கப் போறோம்னு அதை முதல் கட்டத்துல எழுதிட்டா. ஹை விங்கை ரெண்டாவதா எழுதிட்டா. தப்பு ஒண்ணும் இல்ல, எப்படி வேணா எழுதலாம்.

நான் அன்னைக்கு ஒரே உக்காரலுல பதினாலு புக்கு ஏத்தினேன். தலைப்பைப் பாக்கல. என் கைக்கு முதல் கட்டம்னா ஹை விங். பழைய புக்குல ஹை விங் அறுபத்து மூணு மணி இருபது நிமிஷம், லோ விங் நாலு மணி பத்து நிமிஷம். அதே வரிசையில அப்படியே ஏத்திட்டு, சரிபார்த்தேன்னு கையெழுத்தும் போட்டு சீலும் வச்சுட்டேன். மொத்தக் கூட்டு சரியா இருந்துச்சு. பின்ன இருக்காதா? ரெண்டையும் இடம் மாத்திப் போட்டாலும் மொத்தம் அதேதான வரும்.

அப்படித்தான் நாலு மணி நேரம் பறந்த பிள்ளை, பேப்பர்ல அறுபத்து மூணு மணி நேரம் பறந்தவளா ஆயிட்டா.

அந்த வாரம் பெரிய இன்ஸ்ட்ரக்டர் சென்னைக்குப் போயிருந்தாரு. ஷைனிக்கு லோ விங் சொல்லிக் கொடுத்ததே அவருதான், அவரு இருந்திருந்தா புக்கைப் பாக்காமலே சொல்லியிருப்பாரு. அவருக்குப் பதிலா இருந்தவரு மூணு வாரத்துக்கு முன்னால சேந்த ஒரு கோயமுத்தூர்காரரு. நல்ல மனுஷன், சின்ன வயசு. நாங்க புது சாருன்னு சொல்லுவோம். காலையில ஷைனி புக்கைப் பாத்திருக்காரு. லோ விங் அறுபத்து மூணு. கீழ என் கையெழுத்து. ராமேஸ்வரம் பக்கம் வரைக்கும் கடலோரமா தனியாப் போயிட்டு வான்னு அனுப்பி வச்சுட்டாரு. நானா இருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

ஒம்பது பத்துக்கு விமானம் கிளம்புச்சு. ஒம்பதே முக்காலுக்கு நான் அந்த லோ விங் விமானத்தோட டெக் லாக்கை எடுத்து உக்காந்தேன். டெக் லாக்னா விமானத்தோட சொந்த நோட்டு. பைலட்டுக்கு ஒரு புக்கு மாதிரி விமானத்துக்கும் ஒரு புக்கு, அது எத்தனை மணி நேரம் பறந்துச்சு, எவ்வளவு பெட்ரோல் ஊத்தினாங்கன்னு எல்லாம் அதுல இருக்கும். எங்க ஸ்கூலுக்கு வந்ததுல இருந்து அந்த விமானம் பறந்தது ஐம்பத்தொரு மணி நேரம்னு எழுதியிருந்துச்சு. பக்கத்துல ஷைனியோட புக்கு. அதே விமானத்துல அறுபத்து மூணு மணி நேரம்.

விமானமே ஐம்பத்தொண்ணுதான் பறந்திருக்கு, இந்தப் பிள்ளை எப்படி அதுல அறுபத்து மூணு பறந்துச்சு?

தலைப்பைப் பாத்தேன். பழைய புக்கை எடுத்துப் பாத்தேன். ரெண்டு எண்ணும் இடம் மாறிக் கெடந்துச்சு.

இப்ப சொல்லப் போறதை நான் இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. முதல்ல என் கை போனது ஃபோனுக்கு இல்ல. டிராயருக்குப் போச்சு, அங்கன ஒரு பிளேடு வச்சிருப்பேன். மையைப் பையச் சுரண்டிட்டு மேல திருத்தி எழுதினா தெரியாது. பிளேடை எடுத்து அந்த அறுபத்து மூணுல முதல் எண்ணு மேல வச்சுட்டேன். பிள்ளை கடலுக்கு மேல இருக்கா, நான் இங்கன எண்ணைச் சுரண்டப் பாக்கேன். எத்தனை நிமிஷம் அப்படி உக்காந்திருந்தேன்னு தெரியல. அஞ்சு நிமிஷம் இருக்கும். அதை நெனச்சா இப்பவும் எனக்கு என் மேலயே அருவருப்பா இருக்கு.

அப்பதான் இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. ரெண்டு நாளைக்கு முன்னால ஷைனி என் ஜன்னல்கிட்ட வந்து நின்னா. "அக்கா, புதுப் புக்குல ஏத்தினதை ஒரு தடவ பாருங்களேன்"னா. நான் தலையைக்கூட நிமித்தல. "நீ பொறக்குததுக்கு முன்னாலருந்து கூட்டுதேன். போய் ஓஞ்சோலியப் பாரு"ன்னேன். அவளும் போயிட்டா.

பிளேடைப் போட்டுட்டு டெக் லாக்கைத் திரும்பவும் பாத்தேன். பெட்ரோல் கணக்குல கண்ணு நின்னுச்சு. இது உங்களுக்குப் புரியணும், அதனால கொஞ்சம் கவனிங்க. ஹை விங்ல ரெண்டு றெக்கையிலயும் டேங்க் உண்டு, ஆனா ரெண்டுலருந்தும் ஒண்ணா எஞ்சினுக்குப் பெட்ரோல் வரும். பைலட் அதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம். லோ விங்ல அப்படி இல்ல. இடது டேங்க்னா இடது மட்டும், வலதுன்னா வலது மட்டும். இடது முழங்கால் பக்கத்துல ஒரு திருகு இருக்கும். அதைப் பைலட்டு ஞாபகம் வச்சு மாத்தி மாத்தித் திருப்பணும். திருப்பலேன்னா ஒரு டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும்போதே எஞ்சின் நின்னுரும்.

அன்னைக்கு டெக் லாக்ல எழுதியிருந்தது, வலது ஃபுல், இடது பாதி. எங்க ஸ்கூல்ல லோ விங்கை எப்பவும் இடதுலதான் கிளப்புவாங்க.

பெட்ரோல் ஊத்துத சேவியர் அண்ணன்கிட்ட ஓடினேன். கீழவைப்பாருக்காரரு, முப்பது வருஷமா இதே வேலை. "அண்ணே, இடது பாதின்னா எவ்வளவு நேரம் வரும்?"னு கேட்டேன்.

"ஒரு மணி அஞ்சு நிமிஷம். கூடப்போனா இன்னும் பத்து நிமிஷம். எதுக்கு கேக்க?"

கிளம்பின ஒம்பது பத்தோட அதைக் கூட்டிப் பாத்தேன். பத்தே கால், மிஞ்சினா பத்து இருபத்தஞ்சு. சுவத்துக் கடிகாரத்துல ஒம்பது அம்பத்தெட்டு.

புது சார் ரூமுக்குள்ள போனேன். போனவ நேராச் சொன்னேனா? இல்ல. சுத்தி வளைச்சேன். "சார், ஷைனிக்கு டேங்க் மாத்தத் தெரியும்லா?"ன்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. "அறுபத்து மூணு மணி நேரம் ஓட்டின பொண்ணுங்க மேடம். தூக்கத்துல கூட மாத்துமுங்க"ன்னாரு.

"சும்மா ஒரு தடவ ரேடியோல கூப்பிட்டுச் சொல்லிருங்களேன் சார்"னு மட்டும் சொன்னேன். என் மூஞ்சியைப் பாத்துட்டு அவரும் சிரிப்பை நிறுத்திட்டாரு. ரேடியோல கூப்பிட்டாரு. பதில் இல்ல. திரும்பவும் கூப்பிட்டாரு. ஏர்போர்ட் டவருக்கு ஃபோன் பண்ணி அவங்களைக் கூப்பிடச் சொன்னாரு. அவங்களுக்கும் பதில் இல்ல. அந்த லோ விங்ல ரெண்டு ரேடியோ இருக்கு, எதைக் கேக்கணும்னு ஒரு பொத்தானை அமுக்கணும். அவ தப்பான பொத்தானை அமுக்கி வச்சுட்டு, ஒருத்தரும் கூப்பிடலன்னு நெனச்சுப் போய்க்கிட்டிருந்தாங்கது பொறவுதான் தெரிஞ்சுது. அந்தப் பொத்தானும் ஹை விங்ல கிடையாது.

டவருல இருந்தவரு ஃபோன்ல கேட்டது ஸ்பீக்கர்ல எங்களுக்கும் கேட்டுச்சு. "ரேடியோ ரிப்பேரா இருக்கும்னு வச்சுக்கிட்டு அரைமணி நேரம் பொறுக்கவா, இல்ல ஆபத்துன்னு இப்பவே கோஸ்ட் கார்டுக்குச் சொல்லவா? பைலட்டுக்கு இந்த டைப் விமானத்துல எத்தனை மணி நேரம்?"

இந்தக் கேள்விக்காகத்தான் நாம எல்லாரும் சம்பளம் வாங்குதோம். வேற எதுக்கும் இல்ல.

புது சார் மேஜை மேல கெடந்த புக்கைப் பாத்தாரு. "சிக்ஸ்டி த்ரீ ஹவர்ஸ்"னாரு.

"சரி, அப்ப பாப்போம். நல்ல அனுபவம் இருக்கு"ன்னாரு டவர்காரரு.

"நாலு"ன்னேன் நான்.

என் சத்தம் எனக்கே கேக்கல. புது சார் திரும்பிப் பாத்தாரு. "என்னங்க மேடம்?"

"நாலு மணி பத்து நிமிஷம் சார். அந்த அறுபத்து மூணு ஹை விங். நான் கட்டத்தை மாத்திப் போட்டுட்டேன்."

ஷைனியை அனுப்பினது புது சார் கையெழுத்துல. பாவம், கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆச்சு. ஃபோனைக் கையால பொத்திக்கிட்டு மெதுவாச் சொன்னாரு. "மேடம், பத்து நிமிஷம் பொறுப்போமுங்க. அது திரும்பி வந்துருமுங்க. இப்ப ஆபத்துன்னு சொல்லிட்டா எழுத்துல ஏறிருமுங்க. உங்களுக்கும் எனக்கும் அதோட முடிஞ்சுதுங்க."

அவரைக் குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல. பத்து நிமிஷத்துக்கு முன்னால நான் பிளேடு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தவதான. அவரு சொன்னதைக் கேட்டதும் எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. பொறுத்தா என்ன, வந்துருவால்லா, வந்துட்டா ஒருத்தருக்கும் தெரியாதுல்லா. பயம் அப்படித்தான் பேசும், நமக்குப் பிடிச்ச குரல்லயே பேசும். நான் என்ன தைரியசாலியா? கடிகாரத்தைப் பாத்தேன், பத்து அஞ்சு. அந்த முள்ளுதான் என்னைப் பிடிச்சுத் தள்ளுச்சு. அவரு கையிலருந்து ஃபோனை வாங்கி, "சார், நான் ரெக்கார்ட்ஸ் எஸ்தர் பேசுதேன். பைலட்டுக்கு இந்த டைப்ல நாலு மணி நேரம்தான். பத்தே காலுக்கு மேல இடது டேங்க் தீந்துரும். மாத்தத் தெரியுமான்னு எங்களுக்குத் தெரியாது"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன்.

டவர்காரரு "வைங்க"ன்னு சொல்லிட்டு அவரு வேலையைப் பாக்கப் போயிட்டாரு. கோஸ்ட் கார்டுக்குச் சொல்லிட்டாங்கன்னு அடுத்த நிமிஷமே தகவல் வந்துச்சு. ஆனா அந்தக் கடலோரக் காவல் படையோட படகு போய்ச் சேர நேரம் ஆகும்லா.

வெளிய வந்தா சேவியர் அண்ணன் நிக்காரு. அவருக்கு யாரும் விவரம் சொல்லல, எங்க மூஞ்சியே சொல்லிருச்சு. "திரும்புத வழி எது?"ன்னு கேட்டாரு. "வேம்பாரு, கீழவைப்பாரு, தருவைகுளம், அப்படியே கரையோரமா"ன்னு புது சார் சொன்னாரு. அண்ணன் செல்ஃபோனை எடுத்தாரு. கீழவைப்பார்ல அவரு தங்கச்சி பிலோமி கரையில மீன் காயப்போடுதவ. ஸ்பீக்கர்ல போட்டாரு.

"பிலோமி, எங்கன நிக்க?"

"கரையிலதான். நெத்திலி காயப்போட்டுக்கிட்டிருக்கேன். என்ன?"

"கடலுக்கு மேல ஏரோப்பிளேன் எதுவும் வருதான்னு பாரு."

"காலங்காத்தால என்னத்தக் குடிச்சுத் தொலைச்ச?"

"ஏளா, வெளையாடாத. இங்க ஒரு பிள்ளை உசுரு கெடக்கு. பாத்துக்கிட்டே இரு, கட் பண்ணாத."

அவ பாத்துக்கிட்டே இருந்தா. எங்களுக்கு ஃபோன்ல அலைச் சத்தமும் காக்கா கத்துததும் கேட்டுச்சு. நான் கர்த்தரைக் கூப்பிட்டேன். வாய் ஜெபம் சொல்லுது, மனசு கணக்குப் போடுது. பத்து பதினாறு. பத்து பதினேழு.

"வருதுண்ணே"ன்னா பிலோமி. "வடக்க இருந்து. வெள்ளையா, சின்னதா."

"எவ்வளவு தூரத்துல?"

"நம்ம வள்ளம் கட்டிக் கெடக்க எடத்துக்கு ரொம்ப அப்பால. சத்தம் நல்லாக் கேக்கு."

புது சார் மூச்சை விட்டாரு. மாத்திட்டா போலன்னு அவரு வாயெடுக்க முந்தி, பிலோமி சொன்னா, "அண்ணே, சத்தம் நின்னுட்டு."

சேவியர் அண்ணன் ஃபோனை இன்னும் கிட்டப் பிடிச்சாரு.

"சத்தமே இல்லண்ணே. ஆனா பறக்குது. கீழ வருது. ஏய், எல்லாரும் பாருங்க, அங்கன பாருங்க." சுத்தி இருந்தவங்க குரலெல்லாம் கேட்டுச்சு. யாரோ மாதாவைக் கூப்பிட்டாங்க. "கீழ வருதுண்ணே. கடலைப் பாத்து வருது. பனைமரம் ஒசரத்துக்கு வந்துட்டு."

புது சார் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. நான் சேவியர் அண்ணன் சட்டையை இறுக்கிப் பிடிச்சிருந்தேன்னு பொறவு அவருதான் சொன்னாரு. அந்தப் பிள்ளையோட அப்பா கடையில நின்னு யாருக்கோ பருப்பு நிறுத்துப் போட்டுக்கிட்டிருப்பாரே, அவருக்கு யாரு ஃபோன் பண்ணுவா, நான்தான் பண்ணணும், என்னன்னு சொல்லுவேன்? இதுதான் என் தலைக்குள்ள ஓடுச்சு. எவ்வளவு நேரம்னு கேக்காதீங்க. வாழ்க்கை பூரா மணியும் நிமிஷமும் கூட்டினவ, அந்த நேரத்தை மட்டும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"சத்தம் வருது"ன்னா பிலோமி. அழுதுட்டா. "சத்தம் வந்துட்டுண்ணே. மேல ஏறுது. தெக்கப் பாத்துப் போகுது."

பத்து நாப்பதுக்கு விமானம் எங்க தலைக்கு மேல ஒரு வட்டம் அடிச்சுட்டு இறங்குச்சு. இறங்கினது நல்லாவே இறங்குச்சு. றெக்கை மேல கால் வச்சுக் கீழ வந்த பிள்ளை சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல. பேயறைஞ்ச மாதிரி நடந்து வந்து, தண்ணி குடுங்கன்னா. ஒரு செம்புத் தண்ணியை நின்ன வாக்குல குடிச்சா.

அதுக்கப்புறம் விசாரணை நடந்துச்சு, நடக்கணும்லா. என்னை ஆறு மாசம் ரெக்கார்ட்ஸ்லருந்து எடுத்துட்டு வாசல் கேட்டுல பாஸ் எழுத வச்சாங்க. நாசரேத்துல இருந்து வாரவங்க போறவங்க எல்லாம், என்ன எஸ்தர் இங்கன உக்காந்திருக்கன்னு கேக்கும்போது மானம் போகும். புது சார் மூணு மாசம் தனியா யாரையும் அனுப்பக் கூடாதுன்னு உத்தரவு. பெரிய இன்ஸ்ட்ரக்டர் சென்னையிலருந்து வந்து ஒரு வார்த்தை திட்டல. அவரும் தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. அந்த நாலு மணி நேரத்துல டேங்க் மாத்த வேண்டிய நேரத்துல எல்லாம், பேசிக்கிட்டே பழக்கத்துல அவரே கையை நீட்டித் திருப்பிருவாராம். அவளைத் திருப்ப விட்டதே இல்லையாம். கேரி ஃபார்வர்டு ஏத்துதவங்க ஒருத்தரு, விமானத்து நோட்டோட ஒப்பிட்டுப் பாக்குதவங்க இன்னொருத்தருன்னு அப்ப வந்ததுதான் நீங்க இப்ப பண்ணுத ரெட்டைச் சோதனை. சள்ளையா இருக்குன்னு உங்கள்ல ஒருத்தரு காபி குடிக்கும்போது சொன்னது என் காதுல விழுந்துச்சு. இருக்கட்டும். ஜன்னல்ல வந்து யாராவது சந்தேகம்னா, அவங்க எவ்வளவு சின்னவங்களா இருந்தாலும், பேனாவைக் கீழ வச்சுட்டுப் பாருங்க. பயப்படுங்க. பயம் இல்லாதவங்களுக்கு இந்த ரூம்ல வேலை இல்ல. ஆனா எதுக்குப் பயப்படணுங்கதுலதான் நான் கோட்டை விட்டேன், அதுவும் ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ அதே நாள் மத்தியானம்.

விமானம் இறங்கின கையோட புது சாருக்கு உயிர் வந்துருச்சு. எல்லார்கிட்டயும் சொல்லுதாரு, பாத்தீங்களா, எஞ்சின் நின்னதும் பதறாம டேங்க்கை மாத்தியிருக்கா, எவ்வளவு கெட்டிக்காரப் பொண்ணுன்னு. டவருலயிருந்தும் பாராட்டு. சேவியர் அண்ணன் அவளுக்கு முட்டைப் பரோட்டா வாங்கிட்டு வந்து வச்சாரு. அவ தொடல. நடந்ததை அவ கைப்பட எழுதிக் கொடுக்கணும். அதுக்கு என் ரூம்ல என் மேஜைக்கு எதுக்க உக்காந்திருந்தா. பேப்பர் வெள்ளையாவே இருந்துச்சு.

"அக்கா"ன்னா. "நான் டேங்க்கை மாத்தல."

எனக்குப் புரியல. "பின்ன எஞ்சின் எப்படி வந்துச்சு?"

"கடல்ல இறங்கிரணும்னு முடிவு பண்ணிட்டேன்க்கா. தண்ணியில விழுகுததுக்கு முன்னால பெட்ரோலை அடைக்கணும்லா, தீப்பிடிக்காம இருக்க. ஹை விங்ல அப்படித்தான் பழகினேன். ஆஃப்னு நெனச்சுத் திருகைத் திருப்பினேன். ஆஃப் பக்கம் போகல. அந்தப் பக்கம் ஒரு கொக்கி உண்டாம், அதை அமுக்கினாத்தான் போகுமாம், அது எனக்குத் தெரியாது. வேகத்துல எதுத்த பக்கம் திருப்பிட்டேன். அது வலது டேங்க்ல போய் நின்னுச்சு, அங்கருந்து பெட்ரோல் வந்து எஞ்சின் தானாப் பிடிச்சுக்கிச்சு."

கையை மடியில வச்சுப் பிசைஞ்சா. "எனக்கு அது தெரியவே தெரியாதுக்கா. இன்னொரு டேங்க் நிறைய பெட்ரோல் இருக்குங்கதே அப்ப என் மனசுல இல்ல. புக்குல தப்பு இருக்குன்னு தெரிஞ்சும் காலையில புது சார்கிட்ட நான் வாயைத் தொறக்கல. தனியாப் போகணும்னு ஆசையா இருந்துச்சு."

நான் கதவைப் பாத்தேன். சாத்தித்தான் இருந்துச்சு. வெளிய புது சார் யாரிட்டயோ ஃபோன்ல அவளைப் பத்திப் பெருமையாப் பேசுதது கேட்டுச்சு. அவ மாத்தினான்னு இருந்தா, அவளுக்கு அந்த விமானம் தெரியும்னு ஆயிரும். அவளுக்குத் தெரியும்னா நான் கட்டம் மாத்திப் போட்டதுனால பெரிசா ஒண்ணும் கெட்டுப் போகல. அவளுக்கும் நல்ல பேரு, புது சாருக்கும் நல்லது, எனக்கும் நல்லது. காலையில நாலுன்னு சொன்ன அதே வாய்தான்.

"மாத்தினேன்னு எழுதிரு ளா"ன்னேன். "கை திருப்பினது உண்மைதான. யாருக்குத் தெரியப் போகுது?"

அவ என்னைக் கொஞ்ச நேரம் பாத்தா. கோவமா எல்லாம் பாக்கல. ரெண்டு நாளைக்கு முன்னால ஜன்னல்ல நின்னு பாத்த அதே பார்வை. பொறவு குனிஞ்சு எழுத ஆரம்பிச்சா. அரைப் பக்கம் இருக்கும். எழுதி என் பக்கமாத் திருப்பி வச்சுட்டு, எந்திரிச்சு வெளிய போயிட்டா.

எழுதினது இங்கிலீஷ்லதான். எஞ்சின் நின்ன நேரம், ஒசரம், இடம் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. கடைசி வரியை மட்டும் தமிழ்ல சொல்லுதேன்: "மாற்றுவதற்காக நான் திருப்பவில்லை. அடைப்பதற்காகத்தான் திருப்பினேன்."

நான் அதை ஒரு எழுத்தும் மாத்தாம டைப் அடிச்சேன். ரெண்டு தடவ தப்பு விழுந்துச்சு. ரெண்டு தடவையும் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு, முதல்லருந்து திரும்ப அடிச்சேன்.